நம்புலாவிலிருந்து வந்த கொட்டை

புதுச்சேரியில் பொருளியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி எனக்கு அனுப்பிய கேள்வி இது: "உள்நாட்டுப் போர் முடிந்து எழுந்து நிற்க முயலும் ஓர் ஏழை நாடு, தன் மண்ணில் விளைவதை அப்படியே வெளிநாட்டுக்கு விற்பதா, இல்லை ஏற்றுமதிக்குத் தடையோ வரியோ போட்டு உள்நாட்டிலேயே பதப்படுத்தி விற்பதா? எது அந்த மக்களுக்கு நல்லது? மொசாம்பிக் நாட்டு முந்திரியைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு பத்தி வருகிறது. நீங்கள் அந்தத் தொழிலில் இருப்பதால் கேட்கிறேன்."

பாடத்தில் ஒரு பத்தியாக வரும் விஷயத்துக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பாக்கி விற்கும் தொழிலில் எனக்கு முப்பது ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஒரு பத்திக்குள் எங்கள் ஊரும் இருக்கிறது என்பதால் இதை எழுத எனக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைத் திறப்பதா, மூடுவதா என்று கேட்பதற்கு முன், விளைவித்தவரின் வாசலுக்குச் சரக்கு வாங்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். மரத்தையும் பாலத்தையும் போர் அழிப்பது கண்ணுக்குத் தெரியும். வாங்குபவர்களின் தொடர்ச்சியை அது அறுத்துவிடுவது கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தொடர்ச்சி திரும்ப உருவாகும்வரை, கதவைத் திறந்தாலும் நல்ல விலை விவசாயியிடம் போய்ச் சேராது. மூடி வைத்தாலும் ஆலை தானாகப் பிழைத்துவிடாது.

இதை விளக்க, கொட்டைக்கு எங்கள் ஊரில் எப்படி விலை பேசுகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். காடாம்புலியூர் கிடங்கில் லாரி வந்து நின்றதும் குத்தூசியால் பல மூட்டைகளைக் குத்தி மாதிரி எடுப்போம். அதிலிருந்து ஒரு கிலோவை நிறுத்து எண்ணினால், நல்ல சரக்கில் சுமார் இருநூறு கொட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி, நல்ல பருப்பு, சுருங்கியது, பூசணம் பூத்தது, பூச்சி தின்றது என்று தட்டுத்தட்டாகப் பிரித்து எடைபோடுவோம். அந்த எடையை வைத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்று கணக்குப் போடுவது உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருக்கும் வழக்கம். 48 பவுண்டு தேறினால் ஒரு விலை, 44 என்றால் வேறு விலை. எங்கள் பகுதி விவசாயிக்கும் இந்தக் கணக்கு தெரியும். நான் குறைத்துக் கேட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கிடங்குக்குப் போய்விடுவார். போக அவருக்கு ஒரு கிடங்கு இருக்கிறது, சாலை இருக்கிறது, மாலைக்குள் வீடு திரும்ப பஸ்ஸும் இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் விலை என் பெருந்தன்மையால் வருவதில்லை. அந்த அடுத்த கிடங்கால் வருவது.

கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் பங்குனியிலிருந்து வைகாசிவரை கொட்டை விழும். அந்த விளைச்சல் இங்குள்ள ஆலைகளுக்கும் குடிசைத் தொழிலாக உடைப்பவர்களுக்கும் சில மாதங்களுக்குத்தான் வரும். மொசாம்பிக்கும் தான்சானியாவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஐப்பசியில் தொடங்கித் தைவரை பருவம். நமக்குக் கொட்டை தீர்ந்து, உடைக்கும் பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் அங்கிருந்து கப்பல் வரும். கொல்லம் ஆலைகள் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே கிழக்கு ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பி நடந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பருவ வேறுபாடு. மரமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியக் கரைக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் கொண்டுவந்து நட்டது.

இனி மொசாம்பிக். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் முந்திரிக்கொட்டை விளைவித்து உலகில் முதலிடத்தில் இருந்த நாடு அது. கொட்டையை முழுவதும் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிலை மாறி, சொந்தமாகப் பெரிய இயந்திர ஆலைகளும் எழுந்திருந்தன. இன்று மபூட்டோ என்று வழங்கும் தலைநகரில், சமன்குலு என்ற பகுதியில் ஓர் ஆலையை ஜீவா ஜமால் தரானி என்ற இந்திய வம்சாவளி வணிகர் தொடங்கியிருந்தார். அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த ஆலையை அவர் பெயரை வைத்தே 'தரானா' என்று அழைத்தார்கள். கிராமத்துப் பெண்கள் பலர் கைக்குழந்தையோடு தலைநகருக்கு வந்து பிழைத்தது அந்த ஆலையால்தான். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்த கைகளை நான் இங்கே தினமும் பார்க்கிறேன். அங்கேயும் அதே கைகள்தான்.

1975 ஜூன் 25 அன்று நாடு விடுதலை பெற்றது. போர்ச்சுகீசியர் பெருந்திரளாக வெளியேறினர். 1977இல் ஃப்ரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் இடையே தொடங்கிய போர், 1992 அக்டோபர் 4 அன்று ரோம் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை ஓயவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே முந்திரி விளைச்சல் பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

போர் வந்தால் விளைச்சல் குறையும் என்று ஒரே வரியில் தாண்டிப் போகாமல் இங்கே சற்று நின்று பாருங்கள். முந்திரி, நெல்லைப் போல ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய பயிர் இல்லை. நட்டுவிட்டால் பல பத்தாண்டுகள் காய்க்கும். ஆட்கள் ஓடிப்போனாலும் மரம் அங்கேயேதான் நின்றது. பிறகு ஏன் சந்தைக்குக் கொட்டை வரவில்லை? கிராமத்தில் கொட்டையை வாங்கியவர் பெரும்பாலும் அங்கே கடை வைத்திருந்த போர்ச்சுகீசியரோ இந்தியரோதான். அவர் கொட்டையை வாங்கிக்கொண்டு உப்பு, சோப்பு, மண்வெட்டி, பெண்கள் இடுப்பில் சுற்றும் கப்புலானா துணி இவற்றைக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு கடை மூடியது, திறந்திருந்த கடையிலும் சரக்கு இல்லை, சாலையில் லாரி எரிக்கப்பட்டது, இருப்புப்பாதை சேதமானது, வயல் ஓரங்களில் கண்ணிவெடி புதைந்து கிடந்தது. கொட்டையைப் பொறுக்கி விற்றுக் கையில் காசு வந்தாலும் அதைக் கொடுத்து வாங்க ஊரில் ஒரு பொருளும் இல்லை என்றால் யார் வெயிலில் குனிந்து பொறுக்குவார்? போர் நடக்கும் நாட்டின் வெளிநாட்டு வர்த்தகம் ஒரு கிராமத்து மளிகைக் கடையில் நின்றுபோகிறது என்பதைப் பொருளியல் படிப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஏற்றுமதியைத் திரும்ப எழுப்ப நினைத்தால், விவசாயி எதை வாங்குவதற்காக விற்பார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது மரத்தின் வயது. இருபது ஆண்டு கவனிப்பார் இல்லாமல் கிழடு தட்டிய தோப்பில் சாம்பல் நோயும் சேர்ந்தால் சமாதானம் வந்த மறுநாளே விளைச்சல் வராது. இது எங்களுக்கு ஏட்டறிவு இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது ஒரே இரவில் எங்கள் முந்திரிக் காடு சாய்ந்தது. வேரோடு பிடுங்கிக் கிடந்த மரங்களுக்கு நடுவே, தாத்தா நட்ட மரம் எது என்றுகூட அடையாளம் தெரியாமல் பெரியவர்கள் நின்றதை நான் பார்த்தேன். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக்கன்றுகளை நட்டோம். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கினாலும் குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு விளைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை இந்த வட்டாரத்துக்குக் கூலி கொடுத்ததில் ஆப்பிரிக்கக் கொட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. எங்களுக்கு அரசு இருந்தது, சாலை இருந்தது, வங்கி இருந்தது. அப்படியும் இத்தனை ஆண்டு பிடித்தது. பதினைந்து ஆண்டுப் போரில் இவை எல்லாம் போன நாட்டுக்கு எவ்வளவு காலம் கொடுத்திருக்க வேண்டும்?

கொடுக்கப்பட்டது மிகக் குறைவு. விடுதலைக்குப் பின் மொசாம்பிக் அரசு கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருந்தது. போர் முடியும் தறுவாயில் தடை நீங்கி வரி வந்தது. அரசு ஆலைகள் 1990களின் நடுவில் தனியாருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பணத்தைப் போட்டு எந்திரத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கிய அதே நேரத்தில், 1995இல், கடனுக்கு நிபந்தனையாக உலக வங்கி அந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து ஒழிக்கச் சொன்னது. வரி 20 விழுக்காட்டுக்கும் பிறகு 14 விழுக்காட்டுக்கும் இறங்கியது.

உலக வங்கியின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அது மடமையான வாதம் இல்லை. முந்திரி வளர்க்கும் குடும்பங்கள் சுமார் பத்து லட்சம். ஆலைத் தொழிலாளர்கள் சுமார் பத்தாயிரம். வரியால் கொட்டை விலை உள்நாட்டில் தாழ்கிறது. அந்தத் தாழ்வு, நாட்டிலேயே மிக ஏழையான விவசாயியின் பையிலிருந்து எடுத்துத் திறமையற்ற ஆலைக்குக் கொடுப்பதற்குச் சமம். வரியை எடுத்தால் இந்திய வணிகர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள், விவசாயிக்கு விலை ஏறும், அவர் புதுக் கன்று நடுவார். ஆலைகள் திறமையற்றவை என்பதிலும் உண்மை இருந்தது. கொட்டையை எறிந்து உடைக்கும் பெரிய இயந்திரங்கள் பருப்பைச் சில்லு சில்லாக்கின. முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் எவ்வளவு இடைவெளி என்பது கடையில் முந்திரி வாங்கிய எவருக்கும் தெரியும்.

அந்த வாதம் பிழைத்த இடம் ஒன்றுதான்: வரியைக் குறைத்தால் விலை தானாகக் கிராமம்வரை நடந்து போய்விடும் என்று எண்ணியது. மொசாம்பிக்கின் வடக்கே, முந்திரி விளையும் நம்புலா மாகாணத்துக் கிராமத்தில் அடுத்த கிடங்கு இல்லை. பருவத்துக்கு ஒருமுறை வரும் ஒரே லாரிக்காரர் சொல்வதே விலை. அவருக்கு மேலே நகரத்து மொத்த வணிகர், அவருக்கு மேலே துறைமுகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஏற்றுமதியாளர்கள். கடலைத் தாண்டினால், அன்று கொட்டையைப் பெருமளவில் வாங்கிய நாடு இந்தியா ஒன்றே. ஒவ்வொரு படியிலும் வாங்குபவர் சிலர், விற்பவர் பலர். வரி குறைந்ததால் விடுபட்ட பணம் இந்தப் படிகளிலேயே தங்கிவிட்டது.

மார்கரெட் மெக்மில்லன், டானி ரோட்ரிக், கரென் ஹார்ன் வெல்ச் ஆகிய பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்கிட்டார்கள். விவசாயிகளுக்குக் கிடைத்த நிகர ஆதாயம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.30 டாலருக்கு மேல் இராது என்பது அவர்கள் முடிவு. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறக்குறைய இருநூறு ரூபாய். ஓர் ஆண்டு முழுவதற்கும். நகரத்து ஆலைகள் மூடி வேலை போனதன் இழப்பு, நாட்டுக்குக் கிடைத்த ஆதாயத்தைப் பெரும்பாலும் தின்றுவிட்டது. 2001ஆம் ஆண்டுக்குள் பெரிய ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. அதே ஆய்வு காட்டும் இன்னொரு காரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: இந்தக் கொள்கை நிலைக்கும் என்று யாரும் நம்பவில்லை. இன்று எடுத்த வரி நாளை திரும்ப வரலாம் என்று நினைக்கும் விவசாயி, பலன் தர ஆண்டுகள் பிடிக்கும் கன்றை நடமாட்டார்; நாளை பாதுகாப்பு போய்விடலாம் என்று நினைக்கும் ஆலைக்காரர் புது இயந்திரம் வாங்கமாட்டார். போரைக் கண்டவர்களுக்கு எதையும் நம்பத் தயக்கம் கூடுதலாகவே இருக்கும்.

இங்கே எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஆலை மூடிய அந்த ஆண்டுகளில் வந்த கொட்டை பெரும்பாலும் கொல்லத்துக்குப் போனது. எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், கார்த்திகை மாதத்தில் பாய்லர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். எங்கள் பெண்களுக்கு அந்த மாதங்களில் கூலி கிடைத்தது. அது சமன்குலுவில் ஒரு பெண்ணுக்கு நின்றுபோன கூலி என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் தொழிலை விடவில்லை, விடச் சொல்லவும் மாட்டேன்; ஆனால் 'இந்தியா வாங்கியதால் அவர்கள் பிழைத்தார்கள்' என்று யாராவது எளிதாகச் சொன்னால், என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

பிறகு நடந்ததைப் பாடப் பத்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. தொழிற்சங்கமும் ஆலைக்காரர்களும் விடாமல் எதிர்த்ததால் 1997இல் உலக வங்கியின் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் மறு ஆய்வுக்கு இசைந்தார். 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் கொட்டை ஏற்றுமதிக்கு 18 முதல் 22 விழுக்காடுவரை வரி விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2000க்குப் பிறகு நம்புலாவில் எழுந்த ஆலைகள் பழைய பூதாகரமான ஆலைகளைப் போல இல்லை. கொட்டையை ஆவியில் வேகவைத்து, மேசையில் பொருத்திய கத்தியைக் கையாலும் காலாலும் இயக்கி ஒவ்வொன்றாக உடைக்கும் சிறிய ஆலைகள். பண்ருட்டியில் எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய அதே முறை. நகரத்தில் இல்லாமல் கொட்டை விளையும் ஊர்களுக்கு அருகிலேயே அவை அமைந்ததால், லாரிக்காரரோடு போட்டி போட்டு வாங்க அங்கேயே இன்னொருவர் வந்துவிட்டார். வரிப் பணத்தின் ஒரு பகுதி சாம்பல் நோய்க்கு மருந்தடிக்கவும் கன்று கொடுக்கவும் போனது. பழைய இரண்டு லட்சம் டன் புகழ் உடனே திரும்பிவிடவில்லை. ஆனாலும் தொழில் உயிர் பெற்றது. அந்த வரி வேலை செய்ததற்குக் காரணம், அதற்குப் பின்னால் பொருத்தமான ஆலையும் கன்றும் மருந்தும் வந்ததுதான் என்பது என் எண்ணம். வெறும் வரி, திறமையற்றவருக்குத் தாலாட்டாகவே முடிந்திருக்கும்.

ஒப்பிட வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றின் தாத்தாக்கள் சைகோனில் வேலை பார்த்தவர்கள் என்பதால் அந்த நாடு உங்களுக்கு அந்நியம் இல்லை. நீண்ட போருக்குப் பின் 1986இல் பொருளாதாரத்தைத் திறக்கத் தொடங்கிய அந்த நாடு, முதலில் கொட்டையை நமக்கே விற்றது. சில ஆண்டுகளில் தானே உடைக்கத் தொடங்கி, தன் கொட்டை போதாதபோது ஆப்பிரிக்காவிலிருந்து இறக்கி, உடைக்கும் எந்திரத்தையும் உள்ளூரிலேயே செய்துகொண்டு, 2006இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவையே முந்தியது. அமெரிக்கா 1994இல் வர்த்தகத் தடையை நீக்கியதால் பெரிய சந்தை திறந்ததும் அதற்கு உதவியது. முக்கியமான வேறுபாடு, ஆலை திறமை பெறும்வரை கொள்கை தடம் மாறாமல் இருந்தது.

ஐவரி கோஸ்டில் 2002இல் வெடித்த உள்நாட்டுப் போரில் முந்திரி விளையும் வடபகுதி கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. 2011இல் அமைதி திரும்பியபின், 2013இல் பருத்தி, முந்திரி இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாரியம் அமைத்து, பருவத் தொடக்கத்தில் தோட்டத்து வாசல் விலைக்கு ஓர் அடிமட்டம் அறிவிக்கிறார்கள். இன்று உலகில் அதிகம் கொட்டை விளைவிக்கும் நாடு அதுதான். அறிவித்த விலை ஒவ்வோர் ஊரிலும் கிடைப்பதில்லை என்பதும் எல்லை தாண்டிக் கொட்டை கடத்தப்படுவதும் உண்மை. ஆனாலும் விவசாயி தன் கொட்டையின் மதிப்பைத் தெரிந்துகொண்டு பேரம் பேச உட்காருகிறார்.

இலங்கையைப் பற்றியும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 1990இல் நின்ற காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை 2009இல் போர் முடிந்தும் பழையபடி ஓடவில்லை, நாகப்பட்டினத்திலிருந்து அதே காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் போக 2023 அக்டோபர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடக்கின் விவசாயிக்கும் மீனவருக்கும் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் 'அடுத்த கிடங்கு' எங்கே இருந்தது என்ற கேள்வியோடு நீங்கள் அதை ஆராயத் தொடங்கலாம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில் இது. போர் முடிந்த முதல் சில ஆண்டுகளில் சாலை, பாலம், கிராமக் கடை, கொட்டை வாங்க முன்பணம் இவற்றுக்கே முதல் காசு போக வேண்டும். விவசாயியின் விலை ஏறும் வழி அதுதான். அதுவரை ஏற்றுமதியை முழுவதும் தடுக்கக் கூடாது, ஏனெனில் ஒரே ஆலைக்கு விற்றாக வேண்டிய விவசாயியும் ஒரே லாரிக்காரரிடம் சிக்கியவரைப் போலத்தான். மிதமான ஏற்றுமதி வரி, அது எத்தனை ஆண்டு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி காப்பாற்றப்பட்டால் நல்லது. அந்தப் பணம் கருவூலத்தில் கரையாமல் தோப்புக்குத் திரும்ப வேண்டும். ஆலை, மூலதனம் குறைவாகவும் கை அதிகமாகவும் தேவைப்படும் வகையில் இருக்க வேண்டும். போர் முடிந்த நாட்டில் வேலை தேடும் கைகளுக்கா பஞ்சம்?

உங்கள் ஆய்வேட்டுக்கு உதவுமானால் கார்த்திகையில் ஒரு நாள் காடாம்புலியூருக்கு வாருங்கள். மொசாம்பிக் கொட்டை கொஞ்சம் இன்னமும் வருகிறது, முன்னைப் போல இல்லை. குத்தூசியை உங்கள் கையில் தருகிறேன். மூட்டையைக் குத்தி, ஒரு கிலோவை நறுக்கி, எத்தனை பவுண்டு தேறுகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிறகு, அந்தக் கொட்டையைப் பொறுக்கியவருக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்.